காரைக்குடிப் பழைய முகப்பில் எந்த போர்டு தாங்கும்? ஐந்து வகைப் பெயர்ப்பலகையும் அனுமதி வேலையும்

கடைக்கு போர்டு வைப்பதென்றால் காரைக்குடியில் இன்று ஐந்து வழி இருக்கிறது: பிளெக்ஸ், ஏசிபி (அலுமினியக் கலப்புத் தகடு) ஷீட், எல்இடி எரியும் அக்ரிலிக் எழுத்து, எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) அல்லது பித்தளை எழுத்து, கையால் எழுதிய மரப்பலகை. நூறடி ரோட்டுப் புதுக் கான்கிரீட் கட்டடத்தில் எதை மாட்டினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. செக்காலை ரோடு, அம்மன் சன்னதி, முத்துப்பட்டணம், கல்லுக்கட்டிப் பக்கம் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய கட்டடத்தில் கடை எடுத்தவருக்குக் கதையே வேறு. அங்கே போர்டின் பளபளப்பை விட அது சுவரை எப்படிப் பிடிக்கிறது என்பதுதான் கேள்வி. கீழே வரும் தீர்ப்பெல்லாம் அந்தக் கட்டடங்களுக்கானது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை வீடுகளில் விடுதியோ உணவகமோ நடத்துபவருக்கும் பொருந்தும்.

முதலில் அளவு. பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து உயரம் என்பது போர்டு தொழிலில் பொதுவான கணக்கு. 40 அடி அகலத் தெருவில் எதிர்ப்புறம் நிற்பவர் படிக்க 4 அங்குலம் போதும் என்றாகிறது. இது ஆங்கில எழுத்தை வைத்துப் போட்ட கணக்கு. தமிழில் சுழிகள் இருப்பதால் ஒன்றரை மடங்கு வைத்து 6 அங்குலம் என்று கொள்ளலாம். வண்டியில் போகிறவருக்கும் சேர்த்து 9 அங்குலம் வைத்தாலும், இரண்டு வரிப் பெயர் இரண்டடி உயரப் பலகையில் தாராளமாக அடங்கிவிடும். பிறகு ஏன் முகப்பு முழுக்க நாலடி, ஆறடி என்று போகிறார்கள்? சதுர அடிக்கு ரேட் பேசும் தொழிலில், அளவைக் குறைக்கச் சொல்ல விற்பவருக்கு எந்தக் காரணமும் இல்லை.

பெரிய போர்டில் மறைவது சுவர் மட்டுமல்ல. கஜலட்சுமி, யானை, வேலைப்பாட்டுத் தூண் தலை என்று கைப்பிடிச் சுவருக்குக் கீழே வரிசையாகச் சுதை வேலை இருக்கும். செட்டிநாட்டு ஊர்களின் தொகுப்பு 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறியது. அந்தப் பட்டியலால் எந்தச் சுவருக்கும் சட்டப் பாதுகாப்பு வந்துவிடாது. அதைக் கடைக்காரரும் வீட்டுக்காரரும்தான் தர வேண்டும். வெளியூரிலிருந்து அந்த முகப்பைப் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் அதையே பிளெக்ஸால் மூடி 'ஹெரிட்டேஜ் உணவகம்' என்று எழுதுவது வேடிக்கைதான்.

இனி வகைகள். பிளெக்ஸ் என்பது பாலியஸ்டர் நெசவின் மேல் பிவிசி பூசிய துணி. பின்னால் விளக்கில்லாத சாதா ரகம் 280 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 280 கிராம்) அளவில் கிடைக்கும். பின்விளக்குக்கு அதைவிடக் கனமானது வேண்டும். தெற்கும் மேற்கும் பார்த்த முகப்பில் முதலில் வெளுப்பது சிவப்பும் மஞ்சளும். இரண்டாவது கோடையில் மடிப்பு விழுந்த இடத்தில் கீறல் தொடங்கும். கீறல் விழுந்த பிளெக்ஸ் காற்றில் படபடவென்று அடித்து, ஃபிரேமை ஆட்டி, ஆணியைத் தளர்த்திக்கொண்டே இருக்கும். கடை திறப்பு விழாவுக்கு, ஆடித் தள்ளுபடிக்கு என்று சில நாள் கட்டி அவிழ்க்க இது சரி. நிரந்தரப் பெயர்ப்பலகையாக வாங்க வேண்டாம். மலிவு என்பார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றும் கூலியையும், ஒவ்வொரு முறையும் சுவரில் விழும் புது ஓட்டையையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஏசிபி ஷீட் இப்போது எல்லாரும் கேட்பது. 8க்கு 4 அடித் தகடு, 3 அல்லது 4 மில்லி தடிமன். நடுவில் பிளாஸ்டிக், இரு பக்கமும் மெல்லிய அலுமினியத் தோல். அந்தத் தோலின் தடிமனில்தான் தரம் இருக்கிறது. வெளிப்புறத்துக்கு 0.25 மில்லியாவது வேண்டும். அதற்கும் கீழே உள்ள உள் அலங்கார ரகத்தைப் போட்டுவிட்டால் மதிய வெயிலில் உப்பி அலை அலையாகத் தெரியும். கான்கிரீட் கட்டடத்துக்கு இது நல்ல சரக்கு. சுண்ணாம்புச் சுவருக்கு இது எதிரி.

காரணம் ஈரம். சுண்ணாம்புப் பூச்சு மழையில் ஈரத்தை வாங்கி, வெயிலில் விட்டுவிடும். முகப்பு முழுக்க ஏசிபி ஒட்டி, ஓரமெல்லாம் சிலிக்கான் வைத்து அடைத்துவிட்டால் மேலே கைப்பிடிச் சுவரில் இறங்கும் தண்ணீர் உள்ளேயே நிற்கும். ஐப்பசி, கார்த்திகை தாண்டிய பின் பார்த்தால் பூச்சு சுவரிலிருந்து பிரிந்திருக்கும். வெளியே தெரியாது, போர்டைக் கழற்றும் நாளில் பாளம் பாளமாகக் கொட்டும். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பில் பல படலமாகப் பூசி, கடைசியில் முட்டை வெள்ளை சேர்த்துத் தேய்த்து மெருகேற்றிய பூச்சு அது. சிமெண்டால் ஒட்டுப்போட்டால் நிறமும் சேராது, பிடிப்பும் சேராது. ஏசிபி போட்டே ஆக வேண்டுமென்றால் வாசல் நிலைக்கு மேலே ஒரு பட்டையாக மட்டும் போடுங்கள். சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, மேலும் கீழும் காற்றுப் போக வழி விட்டு நிறுத்தச் சொல்லுங்கள். இடைவெளியில் குளவியும் புறாவும் வந்துவிடும் என்று சொல்வார்கள். கொசுவலைக் கம்பி போதும்.

அக்ரிலிக் எல்இடி எழுத்து இரவில் அழகு. தமிழில் செய்யும்போது பார்க்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு. ரேட் எழுத்தின் உயரத்தில், அங்குலத்துக்கு இவ்வளவு என்று வரும். ஆங்கிலத்தில் எழுத்தை எண்ணுவது சுலபம். 'காரைக்குடி' என்று எழுதினால் கால் ஒரு துண்டு, ஐகாரக் கொம்பு ஒரு துண்டு, 'க்' மேல் புள்ளி ஒரு துண்டு. மனத்தில் ஐந்து எழுத்து, பில்லில் எட்டுத் துண்டு. எப்படி எண்ணுகிறார்கள் என்று கொட்டேஷன் வாங்கும்போதே கேட்டு எழுதி வாங்கிவிட வேண்டும்.

இதில் முதலில் கெடுவது புள்ளி. தனித்துண்டாக, ஒரே ஸ்டட்டில் (எழுத்தைச் சுவரோடு பிடிக்கும் கம்பி முளை) நிற்கும். ஒரு ஸ்டட் என்றால் காற்றில் சுழலும், பிறகு உதிரும். உள்ளே ஒரே ஒரு மாடூல் (சின்ன எல்இடி விளக்குத் துண்டு), அது போனால் அந்தப் புள்ளி மட்டும் இருட்டு. ஊரில் மாலையில் நடந்து பார்த்தால் 'பட்டுச் சேலை' எல்லாம் 'படடுச சேலை'யாக எரிவதைக் காணலாம். புள்ளிக்கு இரண்டு ஸ்டட், இரண்டு மாடூல் என்று கேளுங்கள். நல்ல ஃபேப்ரிகேட்டர் கேட்காமலே செய்வார்.

எழுத்துக்கோடு ஓர் அங்குலத்துக்கும் மெலிந்தால் சாதா மாடூல் உள்ளே சரியாக உட்காராது. 'ஞ', 'ணை', 'ஜ' போன்றவற்றில் சுழி அடைபட்டு ஒரே வெள்ளைத் திட்டாகத் தெரியும். அதனால் விளக்கெழுத்து தமிழில் 9 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். பக்கவாட்டு ஆழம் இரண்டரை அங்குலமாவது வேண்டும். ஆழம் குறைந்தால் முகத்தில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் விழும்.

மின்சார வேலையில் இரண்டு இடத்தில் கை வைப்பார்கள். ஒன்று எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி. 0.72 வாட் மாடூல் 200 என்றால் 144 வாட், அதாவது 12 வோல்ட்டில் 12 ஆம்பியர். 12.5 ஆம்பியர் பெட்டியையே போட்டு "சரியா இருக்குண்ணே" என்பார்கள். முழுச்சுமையில் ஓடும் பெட்டி பங்குனி வெயில் தாங்காது. எண்பது சதவீதச் சுமையில் ஓடும்படி 15 ஆம்பியர் பெட்டி வேண்டும். மழைக்காப்புள்ள ரகம் வேண்டும். அதை போர்டுக்குள் அடைக்காமல் திண்ணைக்கு மேலே கை எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். இன்னொன்று வயர். ஒரே வரிசையில் நீளமாகக் கோத்துக்கொண்டே போனால் கடைசி எழுத்து மங்கும். பத்துப் பதினைந்து மாடூலுக்கு ஒரு தனி ஃபீடு கொடுப்பதுதான் முறை. போர்டு லைனுக்குத் தனி எம்சிபி (சுமை மீறினால் அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் அணையும் சுவிட்ச்), இரும்பு ஃபிரேமுக்கு எர்த். ஃபிரேமுக்கு எர்த் கொடுக்காமல் விடுவதைத்தான் அதிகம் பார்க்க முடிகிறது. மழையில் நனைந்த ஷட்டரைத் தூக்கும் பையனுக்குத்தான் அது தெரியவரும்.

எஸ்எஸ் எழுத்தில் ஒரே சோதனை: 304 கிரேடா, 202 கிரேடா? கண்ணுக்கு இரண்டும் ஒன்று. 202 ஓரிரு மழைக்காலத்தில் வெல்டிங் செய்த ஓரங்களில் பழுப்பாகி, சுவரில் கீழ்நோக்கிக் கறை இறக்கும். பில்லில் கிரேடு எழுதச் சொல்லுங்கள். விளக்கில்லாத எஸ்எஸ் எழுத்தை மேலே இரண்டு சின்ன ஸ்பாட் லைட் போட்டுக் காட்டினாலே போதும். பராமரிப்பு என்று ஒன்றும் கிடையாது. பித்தளை இன்னும் நன்றாக இருக்கும், தேய்க்க ஆள் இருந்தால்.

கடைசியில் மரப்பலகை. தேக்குப் பலகை, இரண்டு கை பிரைமர், எனாமல் பெயிண்ட், நல்ல கை ஒன்று. பழைய முகப்புக்கு இதற்கு இணை எதுவும் இல்லை என்பதே எங்கள் தீர்ப்பு. எடை குறைவு, பழுதானால் இறக்கி எழுதி மாட்டலாம், மரத்தூணிலும் விட்டத்திலும் கொக்கியில் தொங்கும், சுவரில் ஓட்டையே தேவையில்லை. எழுதுபவர் கிடைப்பதுதான் சிரமம். கணினி எழுத்தை ஸ்டிக்கராக வெட்டி ஒட்டிவிட்டுக் கையெழுத்து என்று பில் போடுவார்கள். விரலால் தடவினால் ஓரம் தட்டுப்படும். எழுத்தின் அழகுக்கு மாதிரி வேண்டுமானால் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தொங்கும் பழைய எனாமல் தகடுகளைப் போய்ப் பாருங்கள். சின்ன அளவில் எவ்வளவு தூரத்துக்குத் தெரிகிறது என்பது புரியும்.

எந்த வகையாக இருந்தாலும் மாட்டும் வேலைதான் பாதிப் போர்டு. பத்தடிக்கு நாலடி ஏசிபி போர்டை எடுத்துக்கொள்வோம். ஓரங்குல ஸ்கொயர் பைப் ஃபிரேமும் தகடும் சேர்ந்து முப்பது கிலோவைச் சுற்றி வரும். "ஆச்சி, வெறும் முப்பது கிலோ, சுவருக்கு ஒண்ணும் ஆகாது" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவார்கள். சொன்னது பொய்யில்லை, கணக்குத்தான் தப்பு. தாங்க வேண்டியது எடையை அல்ல, காற்றை. கட்டடக் காற்றுச் சுமைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 875 மூன்றாம் பாகம் தரும் அடிப்படைக் காற்று வேகம் மதுரைக்கு வினாடிக்கு 39 மீட்டர். இந்தப் பக்கத்துக்கும் அதையே வைத்துக் கணக்கிட்டால் சதுர மீட்டருக்குத் தொண்ணூறு கிலோவுக்கு மேல் அழுத்தம். 40 சதுர அடி போர்டு 3.7 சதுர மீட்டர். கிட்டத்தட்ட 345 கிலோ. சுவரோடு ஒட்டிய போர்டுக்கு இது குறையும். கைப்பிடிச் சுவருக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் போர்டுக்கு முழுசாக விழும். 2018 நவம்பர் கஜா புயலைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கைப்பிடிச் சுவர் மேல் போர்டு வேண்டவே வேண்டாம். அந்தச் சுவரே பக்கவாட்டு இழுப்புக்குக் கட்டியதல்ல.

ஆங்கர் போல்ட் கான்கிரீட்டுக்கானது. உள்ளே போய் விரிந்து பிடிக்கும். மெல்லிய செங்கலும் சுண்ணாம்புச் சாந்துமாக உள்ள சுவரில் அப்படி விரிந்தால் செங்கல் பிளக்கும். அன்று இறுகியது போலத் தெரிந்து ஆறு மாதத்தில் ஆடும். வழிகள் மூன்று உண்டு. நிலை, விட்டம், மரத்தூண் இருந்தால் அதில் கிளாம்ப் போட்டுத் தொங்கவிடுவது முதலாவது. கல்தூணைச் சுற்றி ரப்பர் வைத்துப் பட்டை கட்டி ஃபிரேமைப் பிடிப்பது இரண்டாவது. இரண்டும் முடியாதபோது மட்டும் துளை: டிரில்லை ஹாமரில் போடாமல் சுழற்சியில் மட்டும் வைத்து, பூச்சைத் தாண்டி உள் சுவருக்குப் போய், வலைக்குழாய் செருகிக் கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் இறுகிப் பிடிக்கும் ரசாயனப் பசை) ஊற்றி, எஸ்எஸ் கம்பியில் நிறுத்துவது. சாதா இரும்புக் கம்பி துருப்பிடித்து ஊதும்போது சுற்றிலும் பூச்சைத் தள்ளிவிடும். வேலைக்கு வருகிறவர் கெமிக்கல் ஆங்கர் என்றால் என்னவென்று கேட்டால் அவரை வைத்து அந்தச் சுவரைத் தொடாதீர்கள்.

மின்கம்பி பக்கத்தில் இருந்தால் தாழ்வழுத்தக் கம்பியிலிருந்தும் 11 கேவி கம்பியிலிருந்தும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர் விலகியிருக்க வேண்டும். செக்காலை ரோடு போன்ற இடங்களில் முதல் மாடி போர்டுகள் பல இதில் தவறும். தேரோடும் வீதியில் வெளியே நீட்டிய போர்டு வைத்தால் கழற்றி மாட்டும்படி கீல் வைத்துச் செய்யுங்கள். ஒவ்வொரு திருவிழாவுக்கும் வெல்டிங்காரரைத் தேட வேண்டியிருக்காது.

இனி அனுமதி. காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆனபோது சுற்றியிருந்த சில பேரூராட்சி, ஊராட்சிகளும் உள்ளே வந்தன. அதனால் உங்கள் கடை எந்த அலுவலகத்தில் வருகிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். மாநகராட்சி, தேவகோட்டை போன்ற நகராட்சி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் போன்ற பேரூராட்சி எல்லாம் 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்துக்குள் வரும். அதன் விதிகள் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. ஆத்தங்குடி மாதிரி கிராம ஊராட்சிக்கு 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம். நெடுஞ்சாலை ஓரமென்றால் அந்தத் துறையிலும் கேட்க வேண்டும்.

கடையின் பெயரையும் தொழிலையும் சொல்லும் பலகை வேறு, பிறர் சரக்கைக் கூவும் பலகை வேறு. குளிர்பானமோ செல்போனோ பெயிண்டோ விற்கும் கம்பெனி இலவசமாக போர்டு செய்து தருகிறதே, அதில் முக்கால் பங்கு அவர்கள் விளம்பரம், மூலையில் உங்கள் பெயர். அதைப் பெயர்ப்பலகை என்று அலுவலகம் ஒப்புக்கொள்ளும் என்று நம்பி மாட்டாதீர்கள். நோட்டீஸ் வருவது கடைக்குத்தான், கம்பெனிக்கு அல்ல. 2023இல் கோவை கருமத்தம்பட்டி அருகே விளம்பரப் பலகை சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்த சமயத்தில், அனுமதியில்லாத விளம்பரப் பலகைக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் என்று அரசு எச்சரித்தது. இட உரிமையாளரையும் அது விட்டுவைக்கவில்லை. 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் சரிந்து 17 பேரைக் கொன்ற பலகை 120க்கு 120 அடி. அங்கே அனுமதிக்கப்படும் உச்ச அளவு 40க்கு 40.

அனுமதி கேட்டுப் போடும் மனுவில் இங்கே உள்ள தனிச் சிக்கல் உரிமையாளர் சம்மதம். செட்டிநாட்டு வீடு ஒருவர் பெயரில் இருப்பது அபூர்வம். பங்காளிகள் பல புள்ளிகள் (தனித்தனிக் குடும்பங்கள்). ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். வாடகை வாங்குபவர் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை வைத்து மாட்டிய பிறகு இன்னொரு பங்காளி ஆட்சேபித்தால் போர்டு இறங்கும். வாடகை ஒப்பந்தம் எழுதும்போதே போர்டின் அளவு, இடம், மாட்டும் முறை, காலி செய்யும்போது சுவரைச் சரிசெய்யும் பொறுப்பு ஆகியவற்றை ஒரு பத்தியாகச் சேர்த்து, எல்லாப் பங்காளிகளின் ஒப்புதலையும் அப்போதே வாங்கிவிடுவது நல்லது. அளவு குறித்த முகப்புப் படமும் போட்டோவும் வைத்தால் மனு திரும்பி வருவது குறையும்.

மொழி விஷயத்தில் தமிழ் முதலில், ஆங்கிலம் அடுத்து, பிறமொழி அதற்கடுத்து, இடப்பங்கு 5:3:2. பத்து அடிக்கு இரண்டடிப் பலகையில் மூன்று மொழியும் இருந்தால் தமிழுக்கு 10 சதுர அடி, ஆங்கிலத்துக்கு 6, மற்றதற்கு 4. டிசைனர் அனுப்பும் முதல் மாதிரியில் தமிழ் எப்போதும் ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கும், திருப்பி அனுப்புங்கள்.

சேவை தருபவர்களில் மூன்று ரகம். பிளெக்ஸ், ஸ்டிக்கர் கடைகள் வேகமாகச் செய்வார்கள், ஃபிரேம் வேலையை வேறு பட்டறைக்குத் தள்ளிவிடுவார்கள். ஏதாவது கெட்டால் இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். சொந்தப் பட்டறையும் சிஎன்சி கட்டிங்கும் வைத்திருக்கும் ஃபேப்ரிகேட்டர்கள் விலை கூட, வேலை சுத்தம்; பழைய கட்டடத்துக்கு இவர்களிடமே போங்கள். "அனுமதி உட்பட எல்லாம் நாங்களே" என்று மதுரை, திருச்சியிலிருந்து வரும் ஏஜென்சிகள் மூன்றாவது. படம் அருமையாகப் போடுவார்கள். மனு உங்கள் பெயரில் போனதா, ஒப்புகைச் சீட்டு எங்கே என்று கேட்டால் பதில் குழையும். சீட்டு கையில் வராமல் முன்பணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

கொட்டேஷனில் இருக்க வேண்டியவை: ஷீட்டின் தடிமனும் அலுமினியத் தோலின் தடிமனும், பைப்பின் கேஜ் (தகட்டுத் தடிமன்), எஸ்எஸ் கிரேடு, மாடூலின் வாட்டும் எண்ணிக்கையும், எஸ்எம்பிஎஸ் ஆம்பியர், துளைகளின் எண்ணிக்கை, ஆங்கர் வகை. வாரண்டி எல்இடிக்கு மட்டுமா, எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் சேர்த்தா என்று தனியாக எழுதட்டும். பத்து சதவீதப் பணத்தை முதல் பெருமழை தாண்டும் வரை நிறுத்தி வைப்பதை முன்பே பேசிக்கொண்டால் யாரும் கோபிப்பதில்லை. மழை விட்ட மறுநாள் காலையில் போர்டின் கீழ் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். தண்ணீர் சொட்டினால் வடிகால் துளை போடவில்லை என்று பொருள். அன்றே கூப்பிட்டு ஆறு மில்லி டிரில்லில் அடிக்கு ஒன்றாகத் துளை போடச் சொல்லிவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.